கை காட்டுகிற தெரு

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பொழிச்சலூரில், விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற திசையில் இருக்கிறது எங்கள் வீடு. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது விமானங்கள் கிளம்பி எங்கள் தலைக்கு மேலேதான் ஏறும். சக்கரம் உள்ளே மடங்குவது வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஐப்பசியில் காற்று திரும்பிவிட்டால் கிளம்புகிறவை கடல் பக்கம் போய்விடும், இறங்குகிறவை இந்தப் பக்கம் வரும். இதெல்லாம் எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். கிளம்புகிற காலத்தில் எந்த வீட்டிலிருந்து யார் விமானம் ஏறினாலும் அந்த வீட்டார் மொட்டை மாடிக்குப் போய்க் கை காட்ட வேண்டும். வெறுங்கை மேலே தெரியாது என்று சேலை, துப்பட்டா, போர்வை எதையாவது பிடித்து ஆட்டுவோம். பக்கத்து பாய் வீட்டுப் பெண்ணின் கணவர் துபாயில் இருக்கிறார். அவர் போகிற நாளில் அவள் பச்சைத் துப்பட்டாவை ஆட்டுவாள். நான் மாம்பழ மஞ்சள் சேலை.

என் ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருவான், போவான். மற்றவர்கள் ஆசைக்குக் கை காட்டினார்கள். நான் காவலுக்குக் காட்டினேன். விமானம் புள்ளியாகி மறைகிற வரைக்கும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் அது ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நான் அரண்டே பிறந்தவள். பால்காரர் வரத் தாமதமானால் அவருக்கு என்ன ஆச்சோ என்று வாசலில் நிற்பேன். என் வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. ரோடில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போன காலமெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு ஓடுவேன்.

"உனக்குக் கவலைப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா அதுக்கும் கவலைப்படுவே" என்பார் அவர். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். நான் சேலைகளுக்கு ஃபால் அடித்துக் கொடுக்கிறவள். என் தையல் மெஷினுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டும் கையில் டீயுமாக உட்கார்ந்திருப்பார். நான் மாடியில் காவலை முடித்துவிட்டு இறங்கி வந்தால் முதல் கேள்வி அதுதான்: "இன்னா போலீசம்மா, ட்யூட்டி முடிஞ்சுதா?" ஆகாயத்தில் டிராஃபிக் போலீஸ் வேலை பார்க்கிறேனாம். "முடிஞ்சுது, முடிஞ்சுது, உங்களுக்கு என்ன, இடிச்ச புளி மாதிரி உக்காந்திருங்க" என்று நான் எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார். எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரு சமயம் மகன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று படத்தில் காட்டும். அவன் நல்லதற்குத்தான் செய்தான். நான் சோறு தண்ணி இல்லாமல் அந்தச் சின்ன விமானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நடுக்கடலில் படம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. நான் போட்ட கூச்சலில் பாய் வீட்டுப் பெண் சுவர் ஏறிக் குதிக்காத குறை. அன்றைக்கே அவர் என் கையிலிருந்து போனை வாங்கி அந்த ஆப்பை அழித்துவிட்டார். "மேல போறவனை மேல இருக்கறவன் பாத்துப்பான். நீ அடுப்பைப் பாரு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வானம்தான் கதி.

போன ஆனி மாதம் மகன் லீவில் வந்திருந்தான். திரும்பிப் போகிற காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம், "அப்பா, இந்தத் தடவை நீயும் மாடிக்கு வாப்பா. ஜன்னல் சீட் வாங்கியிருக்கேன்" என்றான்.

"முட்டி வலி உங்கப்பன் முட்டிக்கா உன் முட்டிக்கா?" என்றார்.

"ஒரே ஒரு தடவைப்பா."

"சரிடா, வரேன். உங்கம்மா இன்ஸ்பெக்டர், நான் கான்ஸ்டபிள். ரெண்டு பேரும் சேந்து உன்னை அனுப்பி வைக்கிறோம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். வாசலில் கார் வந்தது, அவன் போய்விட்டான். விமான நிலையம் கூப்பிடு தூரம்தான் என்பதால் நாங்கள் கூடப் போவதில்லை.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, "ஏறிட்டேன் மா. ஃபோன் ஆஃப் பண்றேன்" என்று வழக்கமான மெசேஜ் வந்தது. நாங்கள் மாடிக்குப் போனோம். அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். முட்டி என்று நினைத்தேன். மேலே வந்ததும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாய் வீட்டுப் பெண், "அடேயப்பா, மாமாவே மாடிக்கு வந்துட்டாரு, இன்னைக்கு மழைதான்" என்றாள். அவர் அவளுக்கும் ஒரு சல்யூட் அடித்தார்.

சொல்லி வைத்தாற்போல் அவன் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு விமானம் எழும்பி வந்தது. நான் மஞ்சள் சேலையை ஆட்டினேன். அவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு, "டேய், பத்திரமா போடா! நல்லா சாப்புடுடா!" என்று கத்தினார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. சின்னப் பையன் மாதிரி கத்துகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்கக் கூடாதே.

"பாத்தீங்களா, திரும்புது" என்றேன். பதில் இல்லை. "இப்ப மேகத்துக்குள்ள போகப் போவுது" என்றேன். அதற்கும் பதில் இல்லை. கேலி செய்ய ஏதோ யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். விமானம் புள்ளியாகி, புள்ளியும் மறைந்த பிறகு திரும்பினேன். தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு மடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. மஞ்சள் சேலையை அவர் தலைக்கு அடியில் சுருட்டி வைத்தேன். பாய் வீட்டுப் பெண் "யா அல்லாஹ்" என்று அலறிக்கொண்டே ஓடிப்போய்த் தெருமுனை ஆட்டோக்காரரைக் கூட்டி வந்தாள். அவர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இவரைத் தூக்கி இறக்கினார். "அழுவாதக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது, தோ போயிக்கினே கீறோம்" என்று பல்லாவரம் ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கும் தெரிந்திருக்கும், பாவம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். "உயிர் மாடியிலேயே போயிருக்கும்மா. பக்கத்துலயே டாக்டர் நின்னிருந்தாலும் கஷ்டம்தான்" என்றார்.

காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிற என் தம்பி அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். வந்தவன் முதலில் போனை எடுத்தான். "அக்கா, பையனுக்குச் சொல்லணும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவன் ஆகாசத்துல இருக்கான்டா. ஃபோன் அணைச்சிருக்கும்."

"அடிச்சுப் பாக்கறேன். இல்லைன்னா ஒரு மெசேஜாவது போட்டு வைக்கறேன்க்கா."

"போட்டா? இறங்கினதும் ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவுல தனியா நின்னு அதைப் படிக்கணுமா எம்புள்ளை? தொடாதே ஃபோனை."

தம்பி போனைப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் மகனைக் கூப்பிடவில்லை.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். அத்தனை வருஷமும் அவன் விமானம் ஏறினால் எப்போது இறங்குவான், எப்போது இறங்குவான் என்று துடித்தவள் நான். அன்றைக்கு வீட்டில் அவரைக் கிடத்திய ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடவுளே, அவன் இறங்கவே வேண்டாம், அப்படியே பறந்துகொண்டே இருக்கட்டும் என்று வேண்டினேன். மேலே இருக்கிற வரைக்கும் அவனுக்கு அப்பா இருக்கிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற ஆறின சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அப்பா துண்டு சுற்றினாரா இல்லையா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான். விமானம் விழுந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கு எனக்கு ஒரு துளிகூட வரவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. தம்பி, "சீரியஸ்னு மட்டும் சொல்லுக்கா, வந்து பாத்துக்கட்டும்" என்று கெஞ்சினான். நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மனசு வரவில்லை.

"இறங்கிட்டேன் மா" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அப்பா போயிட்டாருடா."

 "எப்போ?" என்றான்.

"நீ மேல போனப்பவே. உன் பிளேனுக்குக் கை காட்டிக்கிட்டே."

"எத்தனை மணிக்கு மா?"

சொன்னேன். அவன் ஒரு சத்தம் போட்டான். அழுகை இல்லை அது. அடிபட்டால் வருமே, அந்தச் சத்தம். "மா, நான் அப்போ மேல போகவே இல்லைம்மா. பிளேன் கிளம்பவே இல்லை. ஏதோ மெஷின்ல பாக்கணும்னு ரொம்ப நேரம் உள்ளயே உக்கார வெச்சிருந்தாங்க. நான் நம்ம ஊர்லதான்மா இருந்தேன். ஃபோன்கூட திரும்ப ஆன் பண்ணித்தான் வெச்சிருந்தேன்."

தம்பி போனைக் கையில் எடுத்தபோது நான் தடுத்தேனே, அப்போதும் அவன் மீனம்பாக்கத்தில், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு ரிங் போயிருந்தால் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி ஓடி வந்திருப்பான்.

"ஏன்டா என்கிட்ட லேட்டுன்னு சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ பயப்படுவியேன்னுதாம்மா."

அடுத்த விமானத்தைப் பிடித்து வந்துவிட்டான். மறுநாள் எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகுதான் நம்மால்தான் என்ற எண்ணம் எங்களைப் பிடித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். திடீரென்று, "ஒரு மெசேஜ் போட்டிருந்தா நீங்க மாடிக்கே போயிருக்க மாட்டீங்க. அப்பா படி ஏறியிருக்க மாட்டாரு" என்பான். "நான்தானேம்மா மாடிக்கு வரச் சொன்னேன்" என்பான். எனக்கும் உள்ளே அதேதான் ஓடும். அந்த ஆப்பை அவர் அழிக்காமல் இருந்திருந்தால். தம்பி கையை நான் பிடிக்காமல் இருந்திருந்தால். படியில் நின்று நின்று வந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் விதி விதி என்றார்கள். விதியாம் விதி! எல்லாம் பேசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவன் தினமும் காலையில் மாடிக்குப் போக ஆரம்பித்தான். தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் அதே ஆப்பைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான்.  அது என் முகம். நான் இத்தனை வருஷம் அந்த மாடியில் வைத்துக்கொண்டு நின்ற அதே முகம். வேலையை விட்டுவிடப் போகிறேன், உன்னைத் தனியாக விட்டுப் போக மாட்டேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது வயசு. கல்யாணம்கூட ஆகவில்லை. அவரைப் பறிகொடுத்தேன் சரி, இவனையும் இந்த மாடிக்கே கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காப்பி எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவன் தலை நிமிராமல், "கண்டுபிடிச்சுட்டேன்மா" என்றான்.

"என்னத்தை?"

"அன்னைக்கு நீங்க கை காட்டின பிளேன். அந்த நேரத்துக்குக் கிளம்பினது ஒண்ணே ஒண்ணுதான்." சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினான். "அது கோயம்புத்தூர் போற பிளேன்மா."

நான் அவனைப் பார்த்தேன். தொட்டிச் சுவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் துண்டைச் சுற்றிக்கொண்டு, பத்திரமா போடா, நல்லா சாப்புடுடா என்று தொண்டை கிழியக் கத்தியது ஞாபகம் வந்தது.

"அடப்பாவி மனுஷா" என்றேன். "கோயம்புத்தூர்க்காரனையா சாப்பிடச் சொன்னீங்க?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அவன் என்னை மிரண்டு பார்த்தான். பிறகு அவனுக்கும் உதடு கோணி, சிரித்துவிட்டான். பாய் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்துச் சிரித்து அது அழுகையில் போய் முடிந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதோம். அவரை எடுத்த அன்றைக்குக்கூட நாங்கள் அப்படி அழுததில்லை.

அழுது ஓய்ந்த பிறகு சொன்னேன்: "உங்கப்பாவுக்கு அது நீ போன பிளேன்தான்டா. அவரு உன்னைத்தான் அனுப்பி வெச்சாரு. அதுல ஒரு குறையும் இல்லை." சொன்ன பிறகுதான் அது எனக்கே புரிந்தது. கோயம்புத்தூர் விமானத்தை நான் ஒரு காவலும் இல்லாமல் எத்தனை தடவை விட்டிருக்கிறேன், அதுபாட்டுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தது. நான் பார்க்காத விமானத்தில் போன பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் முதுகுக்குப் பின்னால் நின்றவர் போய்விட்டார். இதில் நான் பிடித்து வைத்திருந்தது எது? இரண்டும் இல்லை. கவலைப்பட்டுக் கவலைப்பட்டு நான் சம்பாதித்தது, என் பிள்ளை என்னிடம் ஒரு தாமதத்தைச் சொல்லப் பயந்தான் என்பதுதான்.

புரிந்துவிட்டால் போதுமா? வருத்தம் போய்விடுமா? போகவில்லை. இன்றைக்கும் படியில் நின்று நின்று ஏறியவரின் மூச்சு என் காதில் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் காலைக் கட்டக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. "நீ போடா" என்றேன். அவன் மாட்டேன் என்றான். "இங்க உக்காந்து எந்த பிளேன் எங்க போவுதுன்னு எனக்கு லிஸ்டு போடப் போறியா? போய் வேலையைப் பாரு. எனக்கு மெஷின் இருக்கு, பக்கத்து வூட்டுல அவ இருக்கா" என்று ஒரு சத்தம் போட்டேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு டிக்கெட் எடுத்தான்.

கிளம்பிய காலையில், "மாடிக்கு மட்டும் போகாதம்மா" என்றான். சரி என்றேன். போன பிறகு வரிசையாகப் போன் செய்தான். "மா, உள்ள வந்துட்டேன்." "மா, ஏறிட்டேன்." "மா, கொஞ்சம் லேட்டாகும்னு சொல்றாங்க. சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன். பயப்படாத." பேசுவது அவன், பதற்றம் என்னுடையது. குரல் அப்படியே என் குரல்.

"போதும்டா கண்ணா" என்றேன். "ஃபோனை அணைச்சுட்டுத் தூங்கு."

"நீ எங்க இருக்க?"

"கீழதான்டா, மெஷின்ல. பிங்க் சேலைக்கு ஃபால் அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"பயமா இல்லியா?"

"இருக்கு. அது ஒரு பக்கம் இருந்துட்டுப் போவுது. நீ போயிட்டு வா."

பிறகு சத்தம் வந்தது. முதலில் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும், அப்புறம் ஜன்னல் அதிரும், அப்புறம் தலைக்கு மேல் இடி மாதிரி போகும். பக்கத்து மாடியிலிருந்து, "அக்கா! எங்க இருக்கீங்க? உங்க புள்ளை பிளேன் போவுது, சீக்கிரம் வாங்க!" என்று அவள் கூப்பிட்டாள். எழுந்துவிட்டேன். மாடிப்படிக் கம்பியைக்கூடப் பிடித்துவிட்டேன். 

"எனக்கும் சேத்து நீயே காட்டிடும்மா" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அது அவன் விமானமோ, கோயம்புத்தூர் விமானமோ. சத்தம் மெலிந்து மெலிந்து அனகாபுத்தூர் பக்கம் போய்த் தேய்ந்தது. நான் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். எதிரே நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதன் முதுகில் அவர் துண்டு தொங்கியது. கேட்க ஆள் இல்லை.

"முடிஞ்சுதுங்க" என்றேன் நாற்காலியைப் பார்த்து. "ட்யூட்டி முடிஞ்சுது."